ஒரே முள், இரண்டு நோ: மூளையின் இணைப்புகளும் நோவும் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிசியோ வேலை பார்க்கிறேன். கை காலை நீட்டி மடக்கிவிடுவதைவிடக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. புதுக்குடியிருப்பில் ஒரு அம்மா கேட்டதை அடுத்த கிழமை மல்லாவியில் ஒரு பெடியன் கேட்பான். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: ஏன் எனக்கு மட்டும் இவ்வளவு நோகுது?

அடிக்கடி வந்தவற்றைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். 'நோ' எங்கள் ஊர்ச் சொல். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் 'வலி' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வயலுக்குள்ள ஒரே முள்ளுத்தான் ரெண்டு பேருக்கும் குத்தினது. அவர் பிடுங்கி எறிஞ்சுபோட்டுப் போறார், எனக்கு உயிர் போகுது. நான் நடிக்கிறனோ?

நடிக்கவில்லை. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் நொடியில்லாத 17 பேரின் கெண்டைக்காலில் 49 பாகை செல்சியஸ் சூட்டை வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அதே கருவி, அதே சூடு. பத்துக்கு எத்தனை நோ என்று கேட்டபோது ஒருவர் ஒன்று என்றார். இன்னொருவர் ஒன்பதுக்குக் கிட்டப் போனார்.

அதே நேரம் மூளையையும் ஸ்கான் செய்தார்கள். நோ கூட என்று சொன்னவர்களுக்குத் தொடுகையை உணரும் மேற்பட்டையும் நெற்றிக்குப் பின்னால் உள்ள சில பகுதிகளும் கூடுதலாக வேலை செய்தன. ஆனால் தலாமஸ் என்ற இடத்தில் ஆளுக்கு ஆள் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. உடம்பிலிருந்து வரும் செய்தி மூளைக்குள் நுழைகிற படலை என்று தலாமஸைச் சொல்லலாம். படலைக்கு வந்த செய்தி எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். படலை தாண்டி உள்ளே போன பிறகுதான் வீட்டுக்கு வீடு வேறு கதை.

அப்ப நோ காலிலயா, மூளையிலயா?

மூளையில். இதைச் சொன்னதும் "அப்ப எனக்கு மண்டைப் பிழை எண்டுறியளோ" என்று முகம் சுருங்கிவிடும். அப்படியில்லை. முள் காலில்தான் இருக்கிறது. காலில் உள்ள நரம்பு அனுப்புவது ஒரு எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை வாங்கி, இது எவ்வளவு ஆபத்து, முன்பு இப்படி நடந்ததா, இப்போது படுக்க வேண்டுமா ஓட வேண்டுமா என்றெல்லாம் மூளை கணக்குப் பார்த்து முடிக்கிறபோது வருவதுதான் நோ. எச்சரிக்கையும் நோவும் ஒன்றல்ல என்பதைச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையிலேயே சேர்த்து எழுதியிருக்கிறது.

போகிற வழியிலும் தடுப்பு இருக்கிறது. முள்ளந்தண்டு வடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு உண்டு என்று மெல்சாக், வோல் என்ற இருவர் 1965இல் எழுதினார்கள். நமக்குக் கதவைவிடக் குளத்துத் துருசு (மதகு) என்றால் வடிவாக விளங்கும். கீழே உள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதைத் துருசுதான் தீர்மானிக்கிறது. முழங்கால் கதிரையில் இடிபட்டால் உடனே கையால் உரஞ்சுகிறோமே, அது அந்தத் துருசைக் கொஞ்சம் இறக்குகிற வேலை. அவர்கள் அன்று வரைந்த படத்தில் பல நுணுக்கங்கள் பிறகு மாறிவிட்டன. ஆனால் வழியில் திறந்து மூடுகிற இடம் உண்டு என்ற அடிப்படை நின்றுவிட்டது.

மூளையும் மேலிருந்து அந்தத் துருசைத் திருப்பும். மூளைத்தண்டுக்குள் ஒரு சின்ன நீர்க்குழாய் ஓடுகிறது. அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறப் பகுதியிலிருந்துதான் கட்டளை கீழே போகிறது. 1969இல் எலிகளின் மூளையில் அந்த இடத்துக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தபோது, மயக்க மருந்து இல்லாமலே வயிற்றில் சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது. இந்தச் சாம்பல் பகுதியை நினைவில் வைத்திருங்கள், திரும்பவும் வரும்.

மூளைக்குள்ள "இணைப்பு" எண்டு சொல்லுறியள். அது வயரோ?

வயர் போன்ற நரம்பு நார்களும் உண்டு. ஆனால் நோவைப் பற்றிய ஆய்வுகளில் 'இணைப்பு' என்றால் பெரும்பாலும் வேறொன்று. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தால் மூளையின் ஒவ்வொரு பகுதியிலும் இரத்தத்து ஒட்சிசன் ஏறி இறங்குவதைப் பார்க்க முடியும். நாம் சும்மா படுத்திருந்தாலும் அது மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு அலைக்குப் பத்து விநாடிக்கு மேல் எடுக்கும். இரண்டு பகுதிகள் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் அவற்றுக்குள் தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1995இல் பரத் பிஸ்வால் என்ற ஆய்வாளர், கையை அசைக்காமல் கிடப்பவர்களிடமும் இடது, வலது அசைவுப் பகுதிகள் ஒன்றாக ஏறி இறங்குவதைக் காட்டினார். இந்தத் துறை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

வன்னி ஆட்களுக்கு இதைக் குளக் கணக்கில் சொல்வேன். காட்டுக்குள் இரண்டு குளம் இருக்கிறது. இடையில் வாய்க்கால் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் மாதக்கணக்காக நீர்மட்டம் எழுதி வருகிறீர்கள். ஒன்று நிரம்பி வான் பாய்ந்தால் மற்றதும் ஏறுகிறது, ஒன்று வற்றினால் மற்றதும் வற்றுகிறது. தொடர்பு இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் மேல் ஒரே மழை பெய்திருந்தாலும் அப்படித்தான் ஏறும். ஸ்கானில் அந்த மழை எது? தலையைக் கொஞ்சம் ஆட்டுவது, மூச்சு, இதயத் துடிப்பு. அவற்றைக் கழித்துப் பார்ப்பதில்தான் ஆய்வாளர்களின் பாதி உழைப்பு போகிறது.

இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகளின் கூட்டத்தை வலைப்பின்னல் என்கிறார்கள். நோவுக்கு இரண்டைத் தெரிந்தால் போதும். ஒன்று, வேலை ஒன்றும் இல்லாமல் நினைவு அலைகிறபோது ஓடுவது. மற்றது, எது இப்போது முக்கியம் என்று பொறுக்கி எடுப்பது. இன்சுலா என்ற பகுதி இந்த இரண்டாவதில் இருக்கிறது.

நோவே இல்லாம சும்மா படுத்திருக்கேக்க எடுத்த ஸ்கானில என்னத்தைக் கண்டுபிடிக்கேலும்?

நல்ல கேள்வி. 2020இல் தமாஷ் ஸ்பிஷாக் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு சரியாக இதைத்தான் கேட்டது. ஜேர்மனியில் இரண்டு இடத்திலும் ஹங்கேரியில் ஓரிடத்திலும் ஆரோக்கியமான ஆட்களை எடுத்தார்கள். ஒரு பக்கம், எந்தச் சூட்டில், எந்தக் குளிரில், எவ்வளவு கூரான குத்தில் நோ தொடங்குகிறது என்று அளந்து மூன்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரு புள்ளி. மறுபக்கம், நோ எதுவும் கொடுக்காமல் சும்மா கிடக்கும்போது எடுத்த ஸ்கான். ஓர் இடத்து ஆட்களை வைத்து, எந்த இணைப்புகள் புள்ளியோடு ஒத்துப் போகின்றன என்று கணினிக்குப் பழக்கினார்கள். பிறகு அது முன்பின் பார்த்திராத மற்ற இரண்டு இடத்து ஆட்களின் ஸ்கானை மட்டும் கொடுத்து, புள்ளியைச் சொல் பார்ப்போம் என்றார்கள். ஓரளவுக்குச் சொன்னது.

'ஓரளவுக்கு' என்பதைக் கவனியுங்கள். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் அது பிடித்தது. ஆனாலும் எனக்கு இது பெரிய விஷயம். முள் குத்துவதற்கு முன்பே, நீங்கள் வரம்பில் சும்மா இருந்து தேத்தண்ணி குடிக்கிறபோதே, அடுத்த முள் எவ்வளவு நோகும் என்பதில் ஒரு பங்கு உங்கள் மூளையின் வழமையான ஓட்டத்தில் எழுதியிருக்கிறது.

ஐஸ் தண்ணிக்குள்ள கையை வைச்சு நானே பார்த்தால் தெரியாதோ?

ஆய்வுகூடங்களில் அதையும் செய்கிறார்கள். ஆனால் இரண்டு அளவைக் குழப்பக்கூடாது. 'இப்ப நோகத் தொடங்குது' என்று சொல்லும் கணம் ஒன்று. 'இனி ஏலாது' என்று கையை வெளியே எடுக்கும் கணம் இன்னொன்று. முதலாவது தொடக்கம், இரண்டாவது தாங்கும் எல்லை. நெல்வெட்டுக் காலத்தில் பார்த்தால் தெரியும், கெதியாக "ஆ" என்று கத்துகிற ஆள் பின்னேரம் வரை வெட்டிக்கொண்டு நிற்பார். மேலே சொன்ன 2020 ஆய்வு அளந்தது தொடக்கத்தை.

நீரிழிவால் கை விறைத்தவர்கள், இதய வருத்தம் உள்ளவர்கள் வீட்டில் இந்த விளையாட்டு விளையாட வேண்டாம்.

நோவைத் தாங்காதவன் கோழை எண்டு அப்பா சொல்லுவார்.

அப்பாவிடம் அந்த 17 பேரின் கதையைச் சொல்லுங்கள். பத்தில் ஒன்று நொந்தவருக்கு வீரம் தேவைப்படவே இல்லை. ஒன்பது நொந்தும் காலை இழுக்காமல் இருந்தவருக்குத்தான் தேவைப்பட்டது.

பொம்பிளையளுக்குத்தான் கூட நோகுமாமே?

ஆய்வுகூடச் சோதனைகளில் சராசரியாகப் பெண்கள் கொஞ்சம் முந்தியே நோ என்கிறார்கள். ஓமோன், வளர்ப்பு, சோதிப்பவர் ஆணா பெண்ணா என்பது வரை காரணங்கள் பேசப்படுகின்றன. ஆனால் பெண்களுக்குள்ளேயே, ஆண்களுக்குள்ளேயே உள்ள வித்தியாசம் இந்தச் சராசரி வித்தியாசத்தைவிட மிகப் பெரிது. ஒரு ஆளை முன்னால் வைத்துக்கொண்டு இதை எடுத்துப் பேசுவது உதவாது.

யானைக் காவலுக்குப் போய் ரெண்டு மூண்டு இரவு முழிச்சால் அடுத்த நாள் பழைய முதுகுநோ பத்து மடங்காகுது. பனியோ?

பனியைவிட நித்திரைதான் காரணமாக இருக்கலாம். 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இளம் ஆட்களை ஓரிரவு முழுக்க முழிக்க வைத்து, மறுநாள் காலில் சூடு வைத்துப் பார்த்தார்கள். நித்திரை கொண்ட நாளைவிடக் குறைந்த சூட்டிலேயே நொந்தது. மூளையில் தொடுகையை உணரும் பகுதியின் துடிப்பு கூடியிருந்தது. நோவை எடைபோட்டுத் தணிக்கும் இன்சுலா போன்ற பகுதிகளின் வேலை குறைந்திருந்தது. ஓரிரவுக்கே இப்படி.

ஆகவே உங்கள் மூளையின் இணைப்பு கல்லில் வெட்டினதல்ல. ஆளுக்கென்று ஒரு அடிப்படை இருக்கும், அதன்மேல் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கமும் இருக்கும். பெரும்போகக் காலத்தில் பரணில் மாறி மாறி இருக்க ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால், அது முதுகுக்கும் மருந்துதான்.

அம்மாவுக்கும் இப்பிடித்தான், அம்மம்மாவுக்கும் இப்பிடித்தான். பரம்பரையோ?

ஒரு பங்கு. இரட்டைப் பிள்ளைகளை வைத்து 2008இல் வெளிவந்த ஆய்வில், குளிர்நீர் நோவில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தின் 60 வீதத்துக்கும், சூட்டு நோவில் 26 வீதத்துக்கும் மரபணு காரணம் என்று கணக்கிட்டார்கள். ஒரே ஆளுக்கே குளிருக்கு ஒரு கணக்கு, சூட்டுக்கு இன்னொரு கணக்கு. 'நான் நோ தாங்காத ஆள்' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. மிச்சத்தில் வளர்ப்பு, பழைய காயம், பயம், நித்திரை எல்லாம் இருக்கின்றன. அம்மம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு படுத்ததைப் பார்த்து வளர்ந்ததும் அதில் சேரும்.

நோவே தெரியாம பிறக்கிறவையும் இருக்கினமாமே. குடுத்துவைச்ச சனம்!

ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வடபாகிஸ்தானைச் சேர்ந்த மூன்று குடும்பங்களில் இப்படிப் பிறந்தவர்களைப் பற்றியது. எஸ்.சி.என்.9.ஏ என்ற ஒரே மரபணு பழுதானதில், நோச் செய்தி நரம்பிலேயே கிளம்பவில்லை. அந்த ஆய்வுக்குக் காரணமான சிறுவன் தெருவில் கையில் கத்தி ஏற்றியும் தணலில் நடந்தும் காசு சேர்த்தவன். ஆய்வாளர்கள் அவனைப் பார்க்க முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். பதினாலு வயதுதான். மற்றப் பிள்ளைகளுக்கு நாக்கும் உதடும் கடிபட்ட தழும்பு, தெரியாமலே முறிந்து கோணலாகப் பொருந்திய எலும்பு.

வற்றாப்பளைப் பொங்கலுக்குச் செடில் குத்தித் தூக்குக்காவடியில தொங்குறவைக்கு ஏன் நோகேல்லை?

நோகவில்லை என்று யார் சொன்னது? செடில், அதாவது தோலில் ஏற்றும் கொக்கி, குத்திக் காவடி எடுத்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். "முதல் செடில் ஏறேக்க தெரிஞ்சது, பிறகு பறை கேட்டதுதான் தெரியும்" என்றார் ஒருவர். அது அம்மனின் காரியம் என்றால் அதில் நான் தலையிடமாட்டேன். மூளைப் பக்கம் என்ன நடக்கக்கூடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முன்பு சொன்ன சாம்பல் பகுதி இங்கே வருகிறது. ரொறன்ரோவில் 2013இல் வந்த ஆய்வு ஒன்றில், நோ கொடுக்கும்போது சிலருடைய நினைவு தானாக வேறெங்கோ போய்விடுவதைக் கண்டார்கள். சிலருடையது நோவையே சுற்றிக்கொண்டு நின்றது. நினைவு எளிதில் விலகுகிறவர்களுக்கு, அலையும் நினைவின் வலைப்பின்னலுக்கும் இந்தச் சாம்பல் பகுதிக்கும் இடையிலான இணைப்பு வலுவாக இருந்தது. உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களும் உண்டு. 1978இல், பல்லுப் பிடுங்கியவர்களுக்கு மருந்துச் சத்தே இல்லாத வெறும் மருந்தைக் கொடுத்ததால் வந்த ஆறுதலை, அபினைத் தடுக்கும் மருந்து ஒன்று குலைத்துவிட்டது. நம்பிக்கையால் வரும் ஆறுதலிலும் உண்மையான இரசாயனம் இருக்கிறது. விரதம், பறை, கூட்டம், நேர்த்தி எல்லாம் சேரும் இடத்தில் துருசு நன்றாக இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். காவடியோடு ஒருவரை ஸ்கானுக்குள் அனுப்ப முடியாது, அவ்வளவுதான்.

சண்டைக்குள்ள செல் பட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தனான். ஒண்டும் தெரியேல்லை. இப்ப கதவு காத்துக்கு அடிச்சாலே அந்த இடம் நோகுது. ஏன்?

(செல் என்றால் எறிகணை.) இந்தக் கேள்வியை ஒரே அக்காவிடமிருந்து மட்டும் நான் கேட்கவில்லை. 2009ஐத் தாண்டி வந்தவர்களில் எத்தனையோ பேர் இதைச் சொல்கிறார்கள்.

முதல் பாதிக்குப் பழைய சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், கடும் காயப்பட்ட 200க்கு மேற்பட்ட படையினரிடம் நோவுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டு 1946இல் எழுதினார். நால்வரில் மூவர் அளவுக்கு வேண்டாம் என்றார்கள். ஓட வேண்டிய நேரத்தில் மூளை நோவைப் பின்னுக்குத் தள்ளும். எது முக்கியம் என்று பொறுக்கும் வலைப்பின்னலுக்கு அப்போது உங்கள் காயத்தை விடப் பிள்ளைதான் முக்கியம்.

இரண்டாம் பாதி சிக்கலானது. அதிர்ச்சியின் பின்விளைவோடு வாழ்கிறவர்களை இஸ்ரேலில் சோதித்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. சின்னச் சூடு, சின்னக் குத்து அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பிந்தித்தான் உறைத்தது. ஆனால் நோகத் தொடங்கியதும் மற்றவர்களைவிடக் கூடுதலாக நொந்தது. தொடக்கமும் தாங்கும் எல்லையும் வேறு என்று மேலே சொன்னேனே, இங்கே நோவின் தொடக்கமும் நோவின் அளவும் எதிர்த்திசையிலேயே போகின்றன. கதவு அடிக்கிற சத்தத்துக்கு உடம்பே விறைத்து எழும்புகிறதென்றால், ஆபத்தைத் தேடும் வலைப்பின்னல் இன்னும் காவலில் நிற்கிறது என்று அர்த்தம். பழைய காயத்துக்குப் பக்கத்துத் தசை அந்த இறுக்கத்தைத் தாங்கவேண்டி வருகிறது. நோவுக்கு மட்டும் மருந்து கேட்காமல், நித்திரை, பயம், கனவு பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வாய்க்காலில் ஓடுகின்றன.

மிதிவெடியில போன கால் எப்பிடி நோகும்? பெருவிரல் இடுக்கில அரிக்குது கூட.

கால் போனாலும் மூளையில் காலுக்குரிய இடம் போகவில்லை. அதனால்தான். பெருவிரல் இடுக்கு அரிக்கிறது என்று சொன்னவர், பேசிக்கொண்டே கையைக் கீழே கொண்டுபோய், வெறும் காற்றைச் சொறிந்துவிட்டுச் சிரித்தார். பொய்க்கால் கதிரையில் சாத்தியபடி கிடந்தது.

ஏன் சிலருக்கு அரிப்பு மட்டும், சிலருக்கு இரவிரவாக முறுக்குகிற நோ? 1995இல் ஜேர்மன் ஆய்வாளர்கள், காலியான இடத்தைப் பக்கத்துப் பகுதிகள் ஆக்கிரமிப்பது கூடினால் நோவும் கூடுகிறது என்றார்கள். 2013இல் இன்னொரு குழு, காலியான இடம் பழையபடி உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் நோ கூட என்று நேரெதிராகக் காட்டியது. இன்னும் வழக்கு முடியவில்லை. தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த கண்ணாடிப் பயிற்சி சிலருக்கு உதவுகிறது. நல்ல காலைக் கண்ணாடியில் பார்த்து அசைக்கிறபோது, இல்லாத கால் அசைவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அலுமாரிக் கண்ணாடியே போதும். ஆனால் முதல் தடவை ஆரும் பக்கத்தில் இருக்கட்டும், சிலர் அழுதுவிடுகிறார்கள்.

முதுகுநோ வந்து ரெண்டு மாசம். இது போற நோவோ, இருக்கிற நோவோ?

இதற்கும் இணைப்பில் ஒரு தடயம் உண்டு. முதுகுநோ தொடங்கிச் சில மாதமே ஆனவர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2012இல் வந்தது. நோ போகாமல் தங்கியவர்களுக்கு, நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதிக்கும், ஆசையையும் வெகுமதியையும் கணக்கிடும் ஆழமான ஒரு பகுதிக்கும் இடையிலான இணைப்புத் தொடக்கத்திலேயே வலுவாக இருந்தது. முதுகெலும்பின் படத்தில் தெரியாதது அங்கே தெரிந்தது.

அப்ப எனக்கு அந்த இணைப்பு இருந்தால் விதி எண்டு விடுறதோ?

விடக்கூடாது. 2021இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையில், நாட்பட்ட முதுகுநோ உள்ளவர்களுக்கு நான்கு கிழமை பேச்சுவழிச் சிகிச்சை கொடுத்தார்கள். நோ என்பது முதுகு உடைகிறது என்ற செய்தி அல்ல, மூளை தேவைக்கு மேல் அடிக்கும் எச்சரிக்கை மணி என்று உணரவைத்து, பயந்து தவிர்த்த அசைவுகளைத் திரும்பச் செய்ய வைத்தார்கள். சிகிச்சை பெற்ற 50 பேரில் 33 பேருக்கு நோ இல்லை அல்லது கிட்டத்தட்ட இல்லை என்ற நிலை. வழமையான கவனிப்பு மட்டும் கிடைத்த 50 பேரில் 5 பேருக்குத்தான் அப்படி. ஸ்கானிலும் மாற்றம் தெரிந்தது.

ஆனால் அதில் சேர்ந்தவர்கள் முதுகில் பெரிய பழுது இல்லாதவர்கள். கால் பலவீனம், மூத்திரம் கட்டுப்படாமை, காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவது இருந்தால் பேச்சும் வேண்டாம் பயிற்சியும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

எனக்கு உடம்புக்குள்ள செல் துண்டு கிடக்கு. எம்.ஆர்.ஐ.க்குள்ள போகலாமோ?

கேட்காமல் போகவேண்டாம். வன்னியில் இதை எல்லாக் கேள்விக்கும் முதலில் வைத்திருக்க வேண்டும். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம், எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். உருக்குத் துண்டு நகரலாம், சூடேறலாம். கண்ணுக்குள், பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் என்றால் ஆபத்து. எல்லாத் துண்டும் காந்தத்துக்கு இழுபடாது, தசைக்குள் பல காலம் இறுகிக் கிடப்பது அசையாமலும் இருக்கலாம். அதை எக்ஸ்ரே பார்த்துக் கதிரியக்க வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். சன்னம், செல் துண்டு, எலும்புக்குப் போட்ட பிளேட் எதுவானாலும், முப்பது வருசத்துக்கு முந்தியது என்றாலும், வெட்கப்படாமல் சொல்லுங்கள். எங்கே எப்போது பட்டது என்று விளக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 'உலோகம் இருக்கு, இந்த இடத்தில்' என்றால் போதும்.

அப்ப ஸ்கான் எடுத்து, நான் பொய் சொல்லேல்லை எண்டு காட்டலாமோ? நட்டஈட்டுக்கு உதவும்.

முடியாது, இப்போதைக்கு. இதைச் சொல்லும்போது எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது. பல வருசம் நோவோடு அலைந்து, யாரும் நம்பாமல், கடைசியில் இயந்திரமாவது சாட்சி சொல்லாதா என்று வருகிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். முன்பு சொன்ன ஓர் இடத்துப் பயிற்சி, மற்ற இடத்துச் சோதனை எல்லாம் கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு. தனியொருவரிடம் தவறும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்தின் நிபுணர் குழு 2017இல், நாட்பட்ட நோ உண்டா இல்லையா என்று பார்க்கும் பொய்கண்டுபிடிக்கும் கருவியாக மூளை ஸ்கானைப் பாவிக்கக்கூடாது என்று எழுதியது.

இன்னொரு காரணமும் உண்டு. நோவே தெரியாமல் பிறந்த இருவரைக் கூரான குத்தால் சோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. நோ மூளையில் இங்கேதான் என்று நாம் காட்டும் அதே பகுதிகள் அவர்களுக்கும் வேலை செய்தன. அவர்களுக்கு நோகவில்லை! அந்தப் பகுதிகளின் வேலை 'ஏதோ முக்கியமானது நடக்கிறது' என்ற அறிவிப்பாகவும் இருக்கலாம். ஸ்கானில் ஒளிர்வதால் நோ என்றும் சொல்ல முடியாது, ஒளிராததால் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்கான் சுத்தமாக இருக்கிறது என்று காட்டி உங்களை ஒருவர் திருப்பி அனுப்பினால், அவரும் இதே பிழையைத்தான் விடுகிறார்.

நூறு சொச்சம் பேரைப் பார்த்துப்போட்டு உலகத்துக்கே சட்டம் போடுறதோ? (உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி)

தங்கச்சி, நீர் கேட்டதைப் பெரிய ஆட்களும் கேட்டுவிட்டார்கள். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூளையின் படத்தையும் மனித நடத்தையையும் பொருத்திப் பார்ப்பதற்குச் சில பத்துப் பேர் போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. சின்னக் கூட்டத்தில் கண்ட பல தொடர்புகள் அடுத்த கூட்டத்தில் காணாமல் போகின்றன. 2012 முதுகுநோ ஆய்வையும் இந்தக் கண்ணோடுதான் வாசிக்க வேண்டும். 2020 ஆய்வுக்கு நான் கொஞ்சம் கூட மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம், பார்க்காத ஆட்களிடம், வேறு இயந்திரத்தில் சோதித்ததுதான். அவர்களும் பெரும்பாலும் இளம், ஆரோக்கியமான ஐரோப்பியர்கள். ஒட்டுசுட்டானில் நாற்பது வருசம் மண்வெட்டி பிடித்த ஒருவருக்கு அதை அப்படியே தூக்கிப் போட நான் தயாரில்லை.

கதைக்க ஏலாத ஆட்களுக்கு? பாரிசவாதத்தில படுத்த தாத்தாவுக்கு, கைக்குழந்தைக்கு?

இந்த ஆய்வுகளின் பெரிய நம்பிக்கையே அங்கேதான். நோவைக் கொடுக்காமல், வாயால் கேட்காமல் ஒரு மதிப்பீடு. ஆனால் அது வரும்வரை கண்தான் கருவி: புருவம் சுருங்குவது, ஒரு பக்கம் திருப்பும்போது முனகுவது, சாப்பாட்டை மறுப்பது. சொல்லாததால் நோவில்லை என்று நினைத்ததன் விலை மருத்துவத்துக்குத் தெரியும். 1980கள் வரை பல நாடுகளில் பச்சைக் குழந்தைகளுக்குப் போதிய நோத்தடுப்பு இல்லாமலே சத்திரசிகிச்சை செய்தார்கள். இந்தியாவில் பிறந்த கன்வல்ஜீத் ஆனந்த் போன்றவர்கள் 1987 அளவில் ஆதாரத்தோடு எழுதிய பிறகுதான் அது மாறத் தொடங்கியது.

அப்ப டொக்டரிட்ட போய் என்னண்டு சொல்லுறது? "நோகுது" எண்டால் பனடோல் தந்து அனுப்புகினம்.

"நோகுது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எங்களிடம் இருக்கிற சொல் கொஞ்சமா? உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுப்பு, மின்னல் அடிக்கிற மாதிரி. நெல்வெட்டி வந்த இரவில் வருவது உளைவு. தேள் கொட்டினால் கடுப்பு. நோவை விவரிக்கும் சொற்களைத் திரட்டி மெல்சாக் (துருசுக் கதையில் வந்த அதே மெல்சாக்) 1975இல் ஒரு கேள்விக்கொத்தே செய்தார், ஏனென்றால் சொல்லிலேயே காரணம் ஒளிந்திருக்கிறது. எரிவு, மின்னல், தொட்டாலே கூசுதல் என்றால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள். கூடவே எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள்: கிணற்றில் வாளி இழுக்க ஏலாது, குந்தியிருந்து எழும்ப ஏலாது, இரண்டு மணிக்கு முழிப்பு வருது.

வைத்தியர் சிங்களத்தில் கேட்டால், இடையில் நிற்பவர் எல்லாவற்றையும் "ரிதெனவா" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அதனால் இப்போது நான் ஆட்களிடம் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். போன மாதம் ஒரு அம்மம்மா பேத்தியைக் கொண்டு எழுதுவித்து வந்தார்: "காலமை விறைப்பு. மத்தியானம் ஒண்டுமில்லை. பின்னேரம் உளைவு. இரவு எரிவு, துணி பட ஏலாது." வைத்தியர் வாசிப்பித்துக் கேட்டுவிட்டு, முதல் தடவையாக அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தார்.